சோப்பை முதலில் பாருங்கள்: குளியல், சலவைத் தண்ணீர் பற்றி வாசகர் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வடாற்காட்டிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். கழிவறைத் தண்ணீர் எந்தப் பதிலிலும் சேர்த்தி இல்லை. அது செப்டிக் டேங்குக்கோ பாதாளச் சாக்கடைக்கோதான் போக வேண்டும்.

வீட்டில் நான்கு பேர். கிணறும் இல்லை, போரும் இல்லை. குழாய்த் தண்ணீரை சம்ப்பில் பிடித்து வைத்துத்தான் ஓட்டுகிறோம். பின்பக்கம் ஒரு தென்னை, இரண்டு வாழை, ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை இருக்கின்றன. குளிக்கிற தண்ணீரையும் வாஷிங் மெஷின் தண்ணீரையும் இவற்றுக்கு விடலாமா? குழாய் எப்படிப் போடுவது?
– வாசகி, சத்துவாச்சாரி

விடலாம். கடைக்குப் போகும் முன் கணக்குப் போட்டுவிடுங்கள். 15 லிட்டர் வாளியில் ஆளுக்கு இரண்டு வாளி என்றால் குளியலுக்கு மட்டும் தினம் 120 லிட்டர். மேலே மூடி திறக்கும் மெஷின் ஒரு தடவை துவைக்க 100 முதல் 150 லிட்டர் குடிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் தினம் சராசரி 60 லிட்டர். ஆக, கையில் 180 லிட்டர்.

செலவுப் பக்கம் பார்த்தால், காய்க்கும் தென்னைக்கு ஏப்ரல், மே வெயிலில் தினம் 40 முதல் 65 லிட்டர் வேண்டும். வாழைக்கு மரத்துக்கு 15 முதல் 20. இரண்டுக்கும் சேர்த்தே 105 லிட்டர்தான். இன்னும் இரண்டு வாழைக்கன்று வைத்தாலும் தாங்கும். எலுமிச்சையை மட்டும் இந்தக் குழாயில் சேர்க்காதீர்கள். எலுமிச்சை, சாத்துக்குடி குடும்பத்துக்கே உப்பு ஆகாது. சோப்புத் தண்ணீர் தொடர்ந்து போனால் இலை நுனி கருகி உதிரும். அதற்கும் கறிவேப்பிலைக்கும் அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினால் போதும்.

இனி குழாய். குளியலறைத் தண்ணீரும் கழிவறைத் தண்ணீரும் தனித்தனியாக வெளியே வருகின்றனவா என்று பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்துக் குளியலறைத் தரையில் ஊற்றிவிட்டு, வெளியே எந்த சேம்பரில் மஞ்சள் தெரிகிறது என்று திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். கழிவறைக் குழாய் வந்து சேரும் சேம்பரில் தெரிந்தால், குளியலறையின் நாணி டிராப்பிலிருந்து (தரையில் தண்ணீர் வடியும் துளைக்குக் கீழே இருக்கும் அமைப்பு) தனிக் குழாய் போட்டாக வேண்டும். தரையை உடைக்கிற வேலை அது. மனம் இல்லாவிட்டால் மெஷின் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுபோலக் குளியலறைக் குழாய் வெளிவரும் மட்டத்தைவிடத் தோட்டம் உயரமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இந்தத் தண்ணீருக்கு மோட்டார் வைப்பது வீண் செலவு. முடியும் பஞ்சும் சிக்கி அடிக்கடி நிற்கும்.

தனியாக வருகிறது என்றால், சுவரை விட்டு வெளியே வந்த இடத்தில் ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டு, இரண்டு பக்கமும் 2 இன்ச் பால் வால்வு வையுங்கள். ஒன்று தோட்டத்துக்கு, ஒன்று பழைய சாக்கடைக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் மூடக்கூடாது என்பதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். மூடினால் குளியலறையில் தண்ணீர் தேங்கும்.

தோட்ட வால்வுக்கு அப்புறம், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடியில் ஒரு சின்னச் செங்கல் தொட்டி. வெளியேறும் குழாய் தொட்டியின் அடிமட்டத்திலேயே இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கவே கூடாது. உள்ளே வரும் குழாயின் வாயில் வெங்காய மூட்டை வலையை இரண்டு மடிப்பாக மடித்துக் கட்டிவிடுங்கள். முடி, நூல், சோப்புத் துண்டு எல்லாம் அதில் நிற்கும். வாரம் ஒருமுறை அவிழ்த்து உதறினால் போதும். வலை கிழிந்தால் காசு கொடுத்து வாங்கப் போவதில்லை.

அங்கிருந்து 2 இன்ச் பி.வி.சி. குழாய், 10 அடிக்கு இரண்டரை இன்ச் இறக்கம். 30 அடி தூரம் என்றால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஏழரை இன்ச் வித்தியாசம் இருக்க வேண்டும். இறக்கம் குறைந்தால் சோப்புக் கசடு குழாய்க்குள்ளேயே படியும். தென்னைக்குப் பாதி, வாழைக்குப் பாதி என்று பிரிக்கும் இடத்தில் டீயைப் படுத்தவாக்கில் வைத்து, ரசமட்டம் பார்த்து ஒட்டுங்கள். ஒரு பக்கம் ஒரு நூல் சாய்ந்தாலும் தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம்தான் ஓடும். சொட்டுநீர்க் குழாய் வேண்டாம். அதன் துளைகளைச் சோப்புக் கொழகொழப்பு சீக்கிரமே அடைத்துவிடும்.

குழாய் முடிகிற இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முனையை மண்ணில் புதைத்தால் வேர் உள்ளே புகுந்து அடைத்துவிடும்; மண்மேல் திறந்து விட்டால் சேறாகிக் கொசு வரும். தென்னையைச் சுற்றி, மரத்திலிருந்து 3 முதல் 5 அடி தள்ளி, ஒரு அடி ஆழம், ஒன்றரை அடி அகலத்தில் வட்டமாகக் கால்வாய் வெட்டுங்கள். அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேலே வேர்க்கடலைத் தோலும் காய்ந்த இலையுமாக நிரப்புங்கள். நம் பக்கம் கடலைத் தோலுக்குப் பஞ்சமில்லை. அடி உடைந்த மண் தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதற்குள் குழாய் முனை மட்டையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தொங்கும்படி விடுங்கள். மேலே ஒரு கடப்பைக் கல் துண்டு. தண்ணீர் விழுவது வெளியே தெரியாது, வாடை வராது, வேரும் எட்டாது. வருடத்துக்கு ஒருமுறை மட்கியதை அள்ளி மரத்தடியில் போட்டுவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

மெஷினைப் பொறுத்தவரை, உள்ளே பம்பு இருக்கும் மெஷின் என்றால் அதன் ஹோஸை இரண்டரை, மூன்று அடி உயரத்தில் நிறுத்திய ஒன்றரை இன்ச் குழாய்க்குள் தளர்வாகச் செருகுங்கள். எம்சீல் போட்டு அடைக்காதீர்கள். காற்றுப் போக வழி இல்லாவிட்டால், துவைக்கும்போதே டப்பில் இருக்கும் தண்ணீரைக் கீழே இருக்கும் குழாய் உறிஞ்சி இறக்கிவிடும். செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் தண்ணீர் தானாகத்தான் வடியும். அதன் ஹோஸைத் தூக்கினால் வடியாது. மெஷினையே செங்கல் மேடையில் ஏற்றி வைப்பதுதான் வழி.

கைக்குழந்தையின் மலத்துணி, நோயாளியின் துணி, பிளீச்சிங் போட்டது, சாயம் போகும் புதுத்துணி, தலைச்சாயம் போட்டுக் குளித்த தண்ணீர்: இந்த நாட்களில் சாக்கடை வால்வைத் திறந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அப்படியே.

ஆறேழு மாதமாகக் குளியல், துவையல் தண்ணீரைத்தான் செடிகளுக்கு விடுகிறோம். முதலில் நன்றாக வந்தன. இப்போது மண் சிமெண்டுத் தரை மாதிரி இறுகி, தண்ணீர் மேலேயே நிற்கிறது. இலை ஓரம் எல்லாம் காய்கிறது. சோப்புத் தண்ணீர் விஷமா?
– வாசகர், மேல்விஷாரம்

விஷம் இல்லை, சோடியம். சலவைத் தூளில் பெரும்பங்கு சலவைச் சோடா, சோடியம் சல்பேட் போன்ற சோடியம் உப்புகள். துணி சோப்புக் கட்டியும் அப்படித்தான். இந்தச் சோடியம் களித்துகளில் ஒட்டியிருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு மண் கட்டிகளாகச் சேர்ந்து நிற்காது. தூளாகப் பிரிந்து, இடுக்குகளை அடைத்து, காய்ந்ததும் ஓடு கட்டும். நம் பக்கத்து உப்புப் போர்த் தண்ணீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீர் கடினமாக இருந்தால் நுரை வராது. நுரை வரவில்லை என்று இன்னொரு கரண்டித் தூளைக் கொட்டுவோம். அந்த இன்னொரு கரண்டிதான் மண்ணுக்குப் போகிறது.

சந்தேகம் தீர ஒரு சோதனை. கொண்டைக்கடலை அளவு காய்ந்த மண் கட்டியை, கண்ணாடி டம்ளரில் பிடித்த மழைத் தண்ணீரிலோ ஏ.சி. தண்ணீரிலோ மெதுவாக விடுங்கள். கலக்கக் கூடாது. கட்டி உதிர்ந்து, சுற்றிலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பிழைத்தீர்கள். இரண்டு மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி வளையம் படர்ந்தால் சோடியம் ஏறிவிட்டது என்று அர்த்தம். எண்ணாகத் தெரிய வேண்டும் என்றால் மண் பரிசோதனை நிலையத்தில் அமில காரத்தன்மையையும் உப்பின் அளவையும் பார்த்துத் தருவார்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

வைத்தியம் ஜிப்சம். சதுர மீட்டருக்கு அரைக் கிலோ, மண்ணை ஒரு விரல்கடை கொத்திவிட்டு, தூவிக் கிளறுங்கள். புரட்டாசியில் போட்டால் நல்லது. ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும், ஐப்பசி மழை அதை வேருக்குக் கீழே கழுவி இறக்கும். மழை இல்லாத மாதத்தில் போட்டுவிட்டு மறுபடி சோப்புத் தண்ணீரையே விட்டால் பாதிப் பலன்தான். மொட்டை மாடி மழைத் தண்ணீரை இரண்டு மாதமாவது இந்தப் பாத்திக்குத் திருப்பிவிட்டால் இன்னும் நல்லது.

அதோடு தூளை விட்டுத் திரவ சோப்புக்கு மாறுங்கள். அதில் சோடியம் பொதுவாகக் குறைவு. விலை கூடத்தான், ஆனால் மெஷினுக்கு மூடி அளவில் பாதி போட்டாலே வெளுக்கும். கையால் துவைப்பவர்கள் ஊறவைத்த முதல் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டு, அலசிய தண்ணீரை மட்டும் செடிக்கு விட்டாலே உப்பில் பெரும்பகுதி குறைந்துவிடும். சீயக்காய், அரப்பு, பயத்தமாவுத் தண்ணீரால் மண்ணுக்குக் கெடுதல் இல்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரும் அப்படியே, ஆனால் மீன் தொட்டியிலோ குட்டையிலோ கலந்தால் மீன் செத்துவிடும்.

500 லிட்டர் சின்டெக்ஸ் டிரம்மில் ஜல்லி, மணல், கரி எல்லாம் போட்டு வடிகட்டிச் சேர்த்து வைத்தேன். மூன்றாம் நாளே அழுகின முட்டை நாற்றம். கரி பத்தவில்லையா?
– வாசகர், குடியாத்தம்

கரியைக் கூட்டினாலும் நாறத்தான் செய்யும். குளித்த தண்ணீரில் உடம்பழுக்கு, எண்ணெய், சோப்பு எல்லாம் கரைந்திருக்கிறது. கிருமிகள் அதைத் தின்று தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவைத் தீர்த்துவிடும். அது தீர்ந்ததும், பிராணவாயு வேண்டாத கிருமிகள் தண்ணீரில் உள்ள சல்பேட்டை எடுத்துக்கொண்டு அந்த முட்டை நாற்ற வாயுவை வெளியே விடும். மணலும் ஜல்லியும் தூசியைப் பிடிக்கும், கரைந்ததைப் பிடிக்காது. 24 மணி நேரத்துக்கு மேல் எந்தத் தொட்டியிலும் வைக்காதீர்கள். டிரம்மைத் தேக்குவதற்கு வைக்காமல், மெஷின் வேகமாகக் கொட்டுவதைத் தாங்கி மெதுவாக விடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அடியில் எப்போதும் திறந்தே இருக்கும் ஒரு இன்ச் துளை போதும். உங்கள் ஜல்லியும் மணலும் வீணாகாது, கீழே அணைக்கட்டுக்காரருக்குச் சொல்லியிருப்பதைப் பாருங்கள்.

சமையலறைத் தண்ணீரையும் விடலாமா?
– வாசகி, ஆரணி

விடலாம், ஆனால் எண்ணெயைப் பிடிக்காமல் விடக்கூடாது. எண்ணெய் மண்ணில் படலமாகப் படிந்து தண்ணீர் இறங்குவதைத் தடுக்கும்; சோறும் பருக்கையும் எலி, பெருச்சாளியைக் கூட்டி வரும். 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை எடுத்து, உள்ளே வரும் குழாயில் எல்போ போட்டுக் கீழ்நோக்கித் திருப்புங்கள், வரும் தண்ணீர் மேலே மிதக்கும் எண்ணெயைக் கலக்காது. வெளியே போகும் குழாய்க்கு உள்பக்கம் ஒரு டீ வைத்து, அதன் கீழ்க்கால் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு அடி ஆழத்துக்குப் போகட்டும். மேல்வாய் திறந்தே இருக்கட்டும், குச்சி விட்டு அடைப்பெடுக்க. எண்ணெய் மேலே மிதக்கும், கசடு அடியில் தங்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளியேறும். வாரம் ஒருமுறை மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை வழித்துக் குப்பையில் போடுங்கள். கொதிநீர் ஊற்றி உருக்கிவிட்டால் கழுவின மாதிரி தெரியும். உருகினது குழாயில் போய் மறுபடி உறையும். ஆட்டுக்கறி சமைத்த நாளில் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். பிரியாணி அண்டாக் கொழுப்பை எந்தத் தொட்டியும் தாங்காது, ஆம்பூர்க்காரர்கள் மன்னிக்க.

டிரம்மிலிருந்து வரும் தண்ணீர் வாழைக்குழிக்குப் போகட்டும். 5 அடி விட்டம், 3 அடி ஆழம் தோண்டி, எடுத்த மண்ணைச் சுற்றி வரப்பாக்கி, குழியில் மட்டை, சருகு, வாழைச்சருகு நிரப்பி, வரப்பில் நாலு வாழை. கல்வாழையும் சேம்பும் கூட வைக்கலாம்.

எங்கள் வீட்டு ஓரம் ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் உறிஞ்சுகுழி போட்டார்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீரும் அதில்தான் வருகிறது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, நிரம்பித் தெருவில் வழிகிறது. கீரை, கத்தரிப் பாத்திக்குத் திருப்பிவிடலாமா?
– வாசகர், அணைக்கட்டு

கணக்கே இடிக்கிறது. குழியின் அடிப்பாகம் சீக்கிரம் கசடால் அடைந்துவிடும், அதை நம்பக் கூடாது. நான்கு பக்கச் சுவர் 4 சதுர மீட்டர். நல்ல செம்மண் ஒரு சதுர மீட்டருக்குத் தினம் 30 லிட்டர் உறிஞ்சும் என்று வைத்தால் 120 லிட்டர். களி கலந்த ஏரிப் பாசன மண் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு 55 லிட்டர் வருகிறது. ஐந்து பேர் வீட்டில் குடிக்க, சமைக்க, கழிவறைக்குப் போக 150, 200 லிட்டராவது வெளியே வரும். ஒரு வீட்டுக்கே பற்றாத குழியில் இரண்டு வீடு!

கல்லை எல்லாம் வெளியே எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். சுவரில் படிந்த கறுப்புப் படலத்தை மண்வெட்டியால் இரண்டு விரல்கடை செதுக்குங்கள். அடியில் தலை அளவுக் கல், நடுவில் கை அளவுக் கல், மேலே ஜல்லி, கடைசியில் பழைய சாக்கு விரித்து ஒரு சாண் மணல். குழிக்கு முன்னால் ஒன்றரை அடிச் சதுரத்தில் கசடு தங்கும் தொட்டி கட்டாயம் வேண்டும். உங்கள் குழி அடைந்ததற்கு அது இல்லாததே காரணமாக இருக்கும். தண்ணீர் முதலில் வாழைக்கோ தென்னைக்கோ போய், மிஞ்சினது மட்டும் குழிக்கு வரும்படி மாற்றுங்கள். பக்கத்து வீட்டுக்குத் தனிக்குழிதான். குடிதண்ணீர்க் கிணறோ போரோ 15 மீட்டருக்குள் இருந்தால் குழியே போடக்கூடாது.

கீரைக்கு வேண்டாம். கொத்தமல்லி, புதினா, வெங்காயம், முள்ளங்கி, கேரட் எதற்கும் வேண்டாம். குளித்த தண்ணீரில் குடல் கிருமி இருக்கத்தான் செய்யும், இவையெல்லாம் மண்ணை ஒட்டியோ மண்ணுக்குள்ளேயோ விளைபவை, பச்சையாகவும் தின்பவை. கத்தரி வேறு. சமைத்துத்தான் சாப்பிடுகிறோம், காய் மண்ணில் படாமல் தொங்குகிறது. உங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு, வாய்க்காலில் மூடாக்குப் போட்டு அதற்கடியில் தண்ணீர் விட்டால் தப்பில்லை. ஹோஸ் பிடித்துச் செடிமேல் தெளிப்பது மட்டும் கூடாது.

போர்த் தண்ணீர் டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 1,200 காட்டுகிறது. ஆர்.ஓ. மெஷின் கழித்து விடுகிற தண்ணீரை மாடித் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றலாமா?
– வாசகி, வாணியம்பாடி

ஊற்றாதீர்கள். மூன்று லிட்டர் போனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், இரண்டு லிட்டர் கழிவு. மூன்று லிட்டரின் உப்பும் அந்த இரண்டில்தான் இருக்கிறது. 1,200-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 1,800. பாசனத் தண்ணீரில் 2,000 தாண்டினாலே ஆபத்துக் கணக்கு. தொட்டி மண்ணில் உப்பு இறங்கிப் போக இடமும் இல்லை. தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள். மாநகராட்சி, நகராட்சிக் குழாய்த் தண்ணீர் 300 காட்டும் வீடுகளில் கழிவு 450 வரும். அதைத் தாராளமாகச் செடிக்கு விடலாம்.

பாலாற்றங்கரைத் தோல் தொழில் ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்ன பிறகு சுத்திகரிப்பு கட்டாயமாயிற்று. ஆனால் நிலத்தடியில் முன்பே இறங்கிய உப்பு அங்கேயேதான் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரே உப்பு என்றால், அதில் குளித்து வரும் தண்ணீர் அதைவிட உப்பு. தென்னை, சப்போட்டா, வேம்பு, அரளி தாங்கும். மா, எலுமிச்சை தாங்காது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் பற்றிய பயம் இருந்தால் தண்ணீரைக் கட்டாயம் பரிசோதியுங்கள். டி.டி.எஸ். மீட்டர் அதைக் காட்டாது.

இட்லிப்பூச் செடிக்கு மெஷின் தண்ணீர் விட்டதில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது.
– வாசகி, ஆற்காடு

சோப்புத் தண்ணீர் காரம். காரம் ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் இட்லிப்பூவால் எடுக்க முடியாது. மெஷின் தண்ணீரை நிறுத்தி, ஏ.சி. தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), ஒரு எலுமிச்சம்பழச் சாறு கலந்து பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை, வெயில் தாழ்ந்த பிறகு இலைமேல் தெளியுங்கள். சுவரிலும் டைல்ஸிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகாது.